கரி படாத ஹூட்

மதுரையில் ஒரு பெரிய பரோட்டாக் கடையைப் புதுப்பித்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது முதலாளி அண்ணாச்சி என் கையைப் பிடித்து நேராக அடுக்களைக்கே கூட்டிப்போனார். "பாருங்க தம்பி, மாட்டுன அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு" என்றார். புகை பிடிக்கும் ஹூட் அப்படியேதான் இருந்தது. 14 அடி நீளம், 4 அடி அகலம், 304 ஸ்டீல். குனிந்து பார்த்தால் முகம் தெரிந்தது. பாஃபிள் ஃபில்டர் ஒன்றைக் கழற்றி மடிப்புக்குள் விரலை விட்டேன். வியாபாரம் நன்றாக நடக்கும் கடையில் பத்து நாளுக்குள் அந்த மடிப்புகளில் எண்ணெய் தேன்போல இறங்கிவிடும். சோடாக்காரம் போட்ட வெந்நீரில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இங்கே விரல் நுனியில் லேசான பிசுக்கு, அவ்வளவுதான். எண்ணெய் வடிந்து சேரும் தட்டு காய்ந்து கிடந்தது. இருபது வருடத்துக்கு மேலாக ஹூட்டும் டக்ட்டும் அடித்துப் பிழைக்கிறேன். எட்டு மாதம் பரோட்டாக்கல்லுக்கு மேலே தொங்கியும் இவ்வளவு சுத்தமாக இருக்கிற ஹூட்டை நான் பார்த்ததே இல்லை. அது என் கைவேலைதான்.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவனுடைய படைக்கலக் கொட்டிலில் இருந்த ஆயுதங்களைப் பாராட்டியது புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் இருக்கிறது. பீலி சூட்டி, நெய் பூசி, காவலோடு வைத்திருக்கிறாய் என்றார். எங்கள் அதியமானுடையதோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்றார். ஔவை அங்கே ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. அந்தப் புதுப்பிப்பு வேலையில் பாராட்ட எத்தனையோ இருக்கிறது. கண்ணால் பார்த்ததை, கருவி வைத்து அளந்ததைப் பாராட்டுகிறேன்.

முதலில் கொத்தனார். பழைய அடுக்களை எனக்குத் தெரியும். ஓட்டுச் சாய்ப்பு, கரி ஏறிய சுவர், பின்பக்கம் சந்துப் பக்கமாகப் பார்த்த மாதிரி ஆளுயரத்துக்குச் செங்கல் ஜாலி. அதற்குப் பக்கத்தில் எப்போதும் முக்கால்வாசி திறந்தே கிடக்கும் தகரக் கதவு. ஓடுகளுக்கு நடுவே ஆங்காங்கே வெளிச்சம் தெரியும். சுவரில் பதித்த ஒரு சாதாரணக் காற்றாடிதான் எக்ஸாஸ்ட். பார்க்க அழுக்காக இருந்த அந்த அடுக்களையில் யாரும் இருமி நான் கேட்டதில்லை. புது வேலையில் ஓட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டார்கள். ஜாலியை அடைத்துத் தரையிலிருந்து கூரை வரை டைல் ஒட்டினார்கள். இணைப்புகளில் எப்பாக்ஸி பூசினார்கள். தகரக் கதவு போன இடத்தில் ரப்பர் விளிம்பு வைத்த இரும்புக் கதவு, தானே மூடிக்கொள்கிற கையோடு. அந்தக் கொத்தனாரும் டைல்காரரும் செய்த வேலையில் ஒரு நூலிழை இடுக்கு இல்லை. ஈ நுழையாது, எறும்பு நுழையாது. காற்றும் நுழையவில்லை. சொன்ன வேலையைச் சொன்னதைவிட நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

அடுத்து என் கணக்கு. கல்லுக்கு மேலே எழும் புகையைத் தப்பவிடாமல் பிடிக்க, ஹூட்டின் வாய்ப்பரப்பில் நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் காற்று உள்ளே போக வேண்டும் என்பது எங்கள் தொழிலில் கைவசக் கணக்கு. 14-க்கு 4 என்றால் 56 சதுர அடி. ஆகவே 5,600 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 5,600 கன அடி. அந்த அடுக்களை 20 அடிக்கு 16 அடி, உயரம் 10. மொத்தமே 3,200 கன அடிதான். அங்கே இருக்கிற காற்று முழுவதையும் 35 விநாடிக்கு ஒரு தரம் புளோயர் வெளியே தள்ள வேண்டும். காற்றுக்கு எடை உண்டு என்பதை நாம் பள்ளிக்கூடத்தோடு மறந்துவிடுகிறோம். இந்த அளவில் ஒரு மணி நேரத்துக்கு வெளியேறுவது ஏறக்குறைய 11 டன். ஒரு லாரி லோடு. காலை 11 மணியிலிருந்து இரவு 11 மணி வரை, மணிக்கு ஒரு லாரி காற்று அந்த அடுக்களையிலிருந்து வெளியே போயாக வேண்டும். அது போக வேண்டுமானால் அதே அளவு வேறு வழியாக உள்ளே வந்தாக வேண்டும். இதைத்தான் மேக்கப் ஏர் என்கிறோம். நம் ஊர் வழக்கில் ஃப்ரெஷ் ஏர்.

இது புரியாத ஆள் அந்த அடுக்களையில் ஒருவர்கூட இல்லை. 15 கிலோ எண்ணெய் டின்னைத் திறக்கிற பையனைப் பாருங்கள். ஒரு மூலையில் குத்துவான், உடனே எதிர்மூலையிலும் குத்துவான். ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் குபுக் குபுக்கென்று திக்கித் திக்கி வரும், சிந்தும். எதிரே இன்னொரு ஓட்டை விழுந்தால் நூல் பிடித்த மாதிரி இறங்கும். இரண்டாவது ஓட்டை எண்ணெய்க்காக இல்லை, காற்றுக்காக. பதினாறு வயதில் கையில் ஆணியும் சுத்தியலுமாக அவன் செய்வதை, நாங்கள் இவ்வளவு பெரிய கட்டடத்துக்குச் செய்யவில்லை.

நான் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டில் அது இருந்தது. ஒன்பதாவது வரி: ஃப்ரெஷ் ஏர் புளோயர், ஃபில்டர், டக்ட், ஜாலி கிரில். அண்ணாச்சி சிக்கனக்காரர். பத்து ரூபாய் கடனில் தொடங்கி மூன்று கடை வைத்தவர், அந்தச் சிக்கனத்தை நான் மதிக்கிறேன். பட்டியலை வரிவரியாகப் படித்தார். ஒன்பதாவது வரியில் நின்றார். "காத்துக்குமா தம்பி காசு?" என்று கேட்டுவிட்டுப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். கல்லா மேசைக்கு இத்தாலிய மார்பிள் போடுவது என்று அதே வாரம்தான் முடிவாகியிருந்தது. மார்பிள் நன்றாக இருக்கிறது. பில் போட நிற்கிறவர்கள் அதைத் தடவிப் பார்க்கிறார்கள். நான் அன்று எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோடு போட்ட தாளிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

கரண்ட் பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். 5 எச்.பி. மோட்டார், மூன்று ஃபேஸ். அண்ணாச்சி பெருமையாகச் சொன்னார்: "உங்க மோட்டார் கரண்டே குடிக்கிறதில்ல தம்பி." கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். முழுச் சுமையில் 7 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டிய மோட்டார் 4-க்குக் கீழே நின்றது. அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. எங்கள் வகைப் புளோயரில், காற்றைச் சுமந்தால்தான் மோட்டாருக்குப் பாரம். உள்ளே காற்று வராவிட்டால் இறக்கைகள் சும்மா சுற்றும், பாரம் குறையும், ஆம்பியர் இறங்கும். இறைக்கிற கிணற்றில் தண்ணீர் வற்றினால் பம்ப்செட் லேசாக ஓடுவது மாதிரி. அந்த மோட்டாருக்கு ஆயுள் கெட்டி.

முன்வாசல் கண்ணாடிக் கதவு இன்னும் அழகு. 7 அடிக்கு 3 அடி, வெளிப்பக்கம் இழுத்துத் திறக்கிற கதவு. பேரனோடு வந்த ஒரு பாட்டி இரண்டு கையாலும் பற்றி இழுத்ததைப் பார்த்தேன். அழுத்த வித்தியாசத்தை அளக்கும் மேனோமீட்டரின் குழாயைக் கதவிடுக்கில் செருகினேன்: 38 பாஸ்கல். அவ்வளவு பரப்புள்ள கதவில் அது கைப்பிடியில் ஏறக்குறைய 4 கிலோ கூடுதல் பாரம். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 96 விதி, சமையல் நடக்கும் இடத்தில் இந்த இழுப்பு 0.02 அங்குல நீர்மட்டத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அரை மில்லிமீட்டர் தண்ணீர், சுமார் 5 பாஸ்கல். நாங்கள் வாசலிலேயே அதைப்போல ஏழு மடங்கில் நிற்கிறோம். கதவு திறந்ததும் ஒரு மூச்சுக் காற்று உள்ளே பாய்கிறது. தெருப்புழுதி, ஆட்டோப்புகை, வெயில் எல்லாம் அதோடு வருகின்றன. வருகிறவர்களை உள்ளே இழுத்துக்கொள்கிற கடை என்று அண்ணாச்சியின் மைத்துனர் சொன்னார். அவரும் பொய் சொல்லவில்லை.

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு ஹால் முழுக்க நடந்தேன். சாமி படத்துக்குக் காட்டுகிறேன் என்று நினைத்து சப்ளையர் ஒருவர் கும்பிட்டார். முன்வாசலில் புகை உள்ளே சாய்ந்தது. ஏ.சி. கேசட்டுக்குப் பக்கத்தில் ஃபால்ஸ் சீலிங் இடுக்கிலிருந்து கீழே இறங்கியது. அடுக்களைக் கதவுக்குக் கீழே கொண்டுபோனதும் கயிறு கட்டி இழுத்த மாதிரி உள்ளே போனது. கடைசியாகக் கழிப்பறை வாசலில் குனிந்து பிடித்தேன். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டிய புகை, உள்ளேயிருந்து ஹாலுக்கு வந்தது. கழிப்பறையில் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடுக்களையின் பசிக்கு முன்னால் அதற்குப் பலமில்லை. தரை வடிகால்களில் தண்ணீர் காய்ந்த இடங்களில் சாக்கடை வாயுவும் அதே வழியில் ஏறி வரும். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே அந்தக் காற்று போகிறது. வாசனைத் திரவம் தெளிக்க ஒரு தனி ஆள் போட்டிருக்கிறார்கள். அவர் மணிக்கு இரண்டு தடவை தெளிக்கிறார், தவறுவதில்லை.

ஹாலில் மூன்று கேசட், மொத்தம் 9 டன். மதுரை வெயில் காலத்தில் 1,000 சி.எஃப்.எம். வெளிக்காற்றை உட்காரும் அளவுக்குக் குளிரவைக்கவே ஏறக்குறைய 5 டன் வேண்டும். இடுக்கும் வாசலுமாக 2,000 உள்ளே வந்தால் மூன்று கேசட்டும் தெருவைக் குளிர்விப்பதோடு சரி. மோட்டார் மிச்சம் பிடித்த கரண்டை ஏ.சி. செலவழித்துவிடுகிறது. வெளிக்காற்று குளிர்ந்த கிரில்லில் பட்டு வேர்த்து, நான்காம் மேசையில் சொட்டுகிறது. அங்கே ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். செடி செழிப்பாக இருக்கிறது.

இனி பாராட்ட வேண்டியவர் பரோட்டா மாஸ்டர். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மாவை விசிறி அடித்துச் சுருட்டும்போது தாள் கிழிகிற சத்தம் வரும், அவ்வளவு மெல்லிசு. கல்லில் எண்ணெய் விட்டதும் நீலப்புகை எழுந்தது. ஒரு முழம் மேலே போனது, ஹூட்டின் விளிம்பைத் தொட்டது, தயங்கியது, பிறகு முன்பக்கமாக மடங்கி அவர் முகத்துக்கே வந்தது. அவர் தலையைத் திருப்பவில்லை. வலது கண்ணை மட்டும் இறுக்கிக்கொண்டு கரண்டியால் புரட்டினார். கழுத்துத் துண்டின் ஒரு முனையைப் பல்லில் கடித்து மூக்கை மூடியிருந்தார். என் ஹூட்டின் ஃபில்டரில் காணாத எண்ணெய் அந்தத் துண்டில் இருந்தது. சுவர் டைலில் இருந்தது. கூரை விளக்கில் மஞ்சளாகத் தொங்கியது. "பழகிருச்சு சார். ராத்திரி படுத்தாத்தான் இருமல், நின்னா ஒண்ணுமில்ல" என்றார். எட்டு மாதத்தில் அவர் ஒரு நாள்கூட லீவு போடவில்லை என்று அண்ணாச்சி பெருமைப்பட்டார். நானும் அந்த மனிதருக்குத் தலை வணங்குகிறேன். உயர்ந்த சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் புகையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள 2ஏ பிரிவில், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. 2010-இல் அந்தத் தொகுப்பே அச்சாகி வந்தது. பழகிவிட்டால் அது பிரிவு மாறிவிடுவதில்லை.

மாஸ்டருக்குத் தீர்வும் தெரியும். கூட்டம் ஏறினதும் பின்கதவைத் திறந்து அம்மிக்கல் ஒன்றை முட்டுக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் புகை நிமிர்ந்தது. கோவில் கொடிமரம் மாதிரி நேராக எழுந்து ஹூட்டுக்குள் போனது. புளோயரின் சத்தமே மாறியது, அதுவரை சீறிக்கொண்டிருந்தது கனத்து முழங்கியது. முன்வாசல் கதவு லேசானது. என் ஹூட் அன்றுதான் முதல் தடவையாக வேலை செய்வதை நான் பார்த்தேன். மூன்று நிமிடம் இருக்கும். மேனேஜர் வந்தார். ஈ வரும், பூனை வரும், சோதனைக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று சொல்லிக் கல்லை நகர்த்தினார். கதவு தானே மூடிக்கொண்டது. அவர் சொன்னதும் சரி. வலையும் ஃபில்டரும் இல்லாமல் சந்தின் குப்பைக் காற்றை அடுக்களைக்குள் விடக் கூடாதுதான். அவர் கடமை தவறாதவர்.

ஸ்டோர் ரூமில் பார்த்ததைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. பாத்திரம் கழுவ வெந்நீர் போடும் கேஸ் பாய்லர் ஒன்று அங்கே இருக்கிறது, புகைக்குழாய் சுவர் வழியாக வெளியே போகிறது. அந்தக் குழாயின் அடியில் ஊதுபத்தியைக் காட்டினேன். புகை மேலே ஏறவில்லை, கீழே இறங்கியது. வேறு வழி இல்லாத காற்று புகைக்குழாய் வழியாகவே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பாய்லர் எரிந்து விடும் வாயு அதோடு அறைக்குள்ளேயே திரும்பிவிடும். ஒரு கிலோ சமையல் கேஸ் ஒழுங்காக எரிய ஏறக்குறைய 13 கன மீட்டர் காற்று வேண்டும். அது கிடைக்காதபோது கார்பன் மோனாக்சைடு பிறக்கும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அந்த அறையில்தான் இரண்டு பையன்கள் மதியம் கண்ணயர்கிறார்கள். அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு கேள்வி கேட்காமல் அப்போதே வால்வை மூடச் சொன்னார், மறுநாளே பாய்லரை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார். இது உள்ளும் புறமும் ஒன்றான பாராட்டு.

நடுவில் நடந்த முயற்சிகளும் சாதாரணமானவை அல்ல. புகையை ஹூட் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் வேறொரு ஆளைக் கூப்பிட்டு பெரிய புல்லி மாட்டி வேகத்தைக் கூட்டினார்கள். டின்னின் ஒற்றை ஓட்டையில் இன்னும் பலமாக உறிஞ்சிப் பார்த்தார்கள். கதவு இன்னும் இறுகியது. பிறகு மாஸ்டருக்கு இரக்கப்பட்டு ஒரு பெடஸ்டல் ஃபேன் வாங்கிக் கல்லுக்கு எதிரே நிறுத்தினார்கள். அது எழுகிற கொஞ்சப் புகையையும் ஹூட்டின் ஓரத்தைத் தாண்டி விசிறிவிட்டது. இப்போது ஒரு கம்பெனி ஆள் வந்து, ஹூட்டுக்குள்ளேயே காற்றைக் கொடுத்து ஹூட்டுக்குள்ளேயே உறிஞ்சும் புது மாடல் இருக்கிறது, சுவரை உடைக்க வேண்டாம் என்கிறாராம். உள்ளே கொடுத்து உள்ளேயே எடுத்தால் கணக்கில் சி.எஃப்.எம். பொருந்தும், கல்லுக்கு மேலே நிற்கும் புகை நின்ற இடத்திலேயே நிற்கும். கலிஃபோர்னியா எரிசக்தி ஆணையத்துக்காக நடந்த சோதனைகளில், வெப்பக்காற்றின் நெளிவைப் படம் பிடித்துக் காட்டும் ஷ்லீரன் முறையில் இந்த வகை ஹூட்டின் பலவீனத்தைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். அதற்குக் காசு கட்ட வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. வெளியே போவதில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கை ஃபில்டர் வழியாக நேராக அடுக்களைக்குக் கொடுக்க வேண்டும். மிச்சம் ஹாலிலிருந்து வரட்டும், அப்போதுதான் தாளிப்பு நெடி சாப்பிடுகிறவர் பக்கம் போகாது. உள்ளே கொடுக்கும் காற்றை ஹூட்டின் முன் விளிம்பை ஒட்டி, ஓட்டைத் தகடு வழியாக மெதுவாக இறக்க வேண்டும். நாலு பக்கமும் சீறுகிற டிஃப்யூசரைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் புகை கலைந்துவிடும். உள்ளிழுக்கும் வாய், வெளித்தள்ளும் வாயிலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும். இரண்டு மோட்டாருக்கும் ஒரே ஸ்விட்ச். மதுரை மாதிரி காற்று வறண்ட ஊரில் ஏர் வாஷர் வைத்தால் ஈரத் தட்டி வழியாகக் குளிர்ந்து வரும். மாஸ்டரின் முதுகில் அது படும்.

அண்ணாச்சி, ஜாலி இருந்த இடம் எனக்கு நினைவிருக்கிறது. பின்கதவுக்கு வலப்பக்கம், தரையிலிருந்து நாலாவது வரிசை டைல். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன், அங்கே மட்டும் சத்தம் வேறு. உள்ளே ஒற்றைச் செங்கல் சுவர்தான். உடைக்க அரை நாள் போதும். ஒன்பதாவது வரியை லாபம் வைக்காமல் செய்து தருகிறேன்.